பழைய ஜீப்பும் புதிய பாடமும்
(வீட்டு வாசலில் ஒரு ஒர்க் ஷாப் அனுபவம்)

முன்னுரை

மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுத எனக்கு வராது, கையில் கிரீஸ் படிந்த கதைதான் வரும் என்றேன். "அதையே எழுதுடா" என்றார்கள். ஆகவே இது கிரீஸ் கட்டுரை. ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் ஆங்காங்கே ஒரு பங்கு வைத்திருக்கிறேன்.

போடிநாயக்கனூரில் என் தாய்மாமாவிடம் 1989-ஆம் ஆண்டு மாடல் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் ஒன்று இருக்கிறது. மலைமேலே கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். அங்கே போய்வர அதுதான் கால். 1989-ல் பதிவான வண்டிக்கு 15 ஆண்டு முடிந்து 2004-ல் முதல் முறை பதிவைப் புதுப்பித்தார்கள். பிறகு ஐந்தைந்து ஆண்டாக 2009, 2014, 2019 என்று ஓடி, 2024-ல் ஐந்தாவது முறை வந்து நின்றது. பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. தரைத் தகட்டில் கால் வைத்தால் ரோடு தெரிகிறது. ஹெட்லைட் வெளிச்சத்துக்கு அகல்விளக்கு தேவலை. இந்த நிலையில் கொண்டுபோனால் வண்டிக்கு எஃப்.சி. கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

வீட்டில் இரண்டு கட்சி. "காயலான் கடையில தள்ளிவிட்டுட்டு வேற வண்டி பாருங்க" என்று அத்தை. "இன்ஜின் நல்லாத்தானே இருக்கு, என்ன மாப்ள, நீ இதத்தானே படிக்கிற, சொல்லு" என்று மாமா. மார்க் ஷீட்டில் வராத தேர்வு அது. கோடை விடுமுறையும், அதற்குப் பிறகு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் கழிந்தன. அதில் கற்றதைப் பாட வரிசையில் தருகிறேன்.

1. வண்டியின் பூர்வீகம்

எந்த வண்டியைத் தொடும் முன்னும் அதன் வம்சாவளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பாகம் எதோடு பொருந்தும் என்பது அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்தது நம் ஊர் ஜீப். 1949-ல் பம்பாய் மஸகான் பகுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே கோர்க்கத் தொடங்கியது. பின்னால் பல ஆண்டுகள் நாம் பார்த்த உயரமான பானெட் கொண்ட ஜீப், வில்லிஸ் சி.ஜே.3பி மாடலின் வாரிசு. அந்த பானெட் ஏன் உயரம் தெரியுமா? அதிலிருந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினில் இன்லெட் வால்வு மேலே சிலிண்டர் ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். இதனால் இன்ஜின் உயரம் கூடியது, பானெட்டையும் தூக்கிவிட்டார்கள். அழகுக்காகச் செய்ததில்லை.

1980-களில் வந்த எம்.எம்.540-ல் பெஜோ வழி வந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். வீல்பேஸ் 91 அங்குலம். நான்கு சக்கரத்திலும் கமான் பட்டை. ஏணி போன்ற சேஸிஸ். அதன்மேல் தனியாக உட்கார்ந்த பாடி. வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிட வசதியான வண்டி கிடையாது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஒரு நல்ல ஸ்பானர் செட், மல்டி மீட்டர், பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

தேர்வுக்குப் படிக்கும் தம்பிகளுக்கு ஒரு கணக்கு: இன்ஜின் பெயரில் உள்ள 4 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 90 என்பது போர், மில்லிமீட்டரில். ஸ்ட்ரோக் 83 மி.மீ. அப்படியானால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 0.7854 × 9 × 9 × 8.3 = 528 கன செ.மீ. நான்குக்கும் சேர்த்து 2112 சி.சி. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அதே எண். வகுப்பில் எத்தனையோ தடவை போட்ட கணக்கு, அன்றைக்குத்தான் உண்மையிலேயே விடை வந்த மாதிரி இருந்தது.

2. கழற்றும் முன்

வாசலில் வேலை என்றால் முதல் பாடம் பாதுகாப்பு. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு நான்கு வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி வைக்கும் பழக்கத்தை நிறைய இடத்தில் பார்க்கிறோம். அது விரிசல் விட்டு மெதுவாக இறங்காது. ஒரே நொடியில் நொறுங்கும். சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே மற்ற வேலை.

இரண்டாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. எதைக் கழற்றினாலும் அதில் படம் வரைந்து, எந்த போல்ட் எந்த ஓட்டையில் என்று எழுதினேன். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். எங்களுக்கு உதவ வந்த மெக்கானிக் அண்ணன் நாற்பது வருடம் ஜீப் பார்த்தவர். நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "நமக்கெல்லாம் மண்டையிலயே இருக்கு தம்பி" என்றார். ஒரு மாதம் கழித்து, "அந்த நோட்ட எடு, ஹேண்ட் பிரேக் கேபிள் எந்தப் பக்கமா போச்சுன்னு பாப்போம்" என்று அவரே கேட்டார். இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

மூன்றாவது, பட்டியல் பிரிப்பது. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். ஒன்று: உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக், ஸ்டியரிங், சேஸிஸ், டயர் எல்லாம் இதில். இரண்டு: வண்டி ஓடுவது சம்பந்தப்பட்டது. இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஒயரிங். மூன்று: கண்ணுக்கு அழகு. பெயிண்ட், சீட், டாப். பணமும் நேரமும் இந்த வரிசையில்தான் போக வேண்டும். பலர் மூன்றிலிருந்து ஆரம்பித்து ஒன்றுக்கு வரும்போது கை காலியாகிவிடுகிறார்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்த பிரேக் இல்லாத ஜீப் எத்தனை ஓடுகிறது, மலைரோட்டில் நின்று பாருங்கள்.

3. துரு

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. மலைத் தோட்டத்து வண்டிக்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் சேறு புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெயில் அடித்தாலும் அந்தச் சேறு உள்ளே நனைந்தே இருக்கும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்க, தகடு உள்ளிருந்து கரையும்.

சோதனை எளிது. சின்னச் சுத்தியல் எடுத்து ஓரங்களில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு "டண்" என்னும். உளுத்தது "டப்" என்னும். சந்தேகமான இடத்தில் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது தகடு அல்ல, பெயிண்ட் மட்டும்தான். எங்கள் வண்டியில் டிரைவர் பக்கத் தரை, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பெட்டியின் மூலைகள் இரண்டும் "டப்".

ஓட்டையின் மேலே பட்டி வைத்து மூடுவது துருவுக்குப் போர்வை போர்த்துவது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். அடியில் துரு தொடரும். சரியான முறை, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ் தகட்டை, அதாவது சுமார் 1.2 மி.மீ. தகட்டை, அளவாக வெட்டிப் பற்றவைப்பது. பற்றவைப்பதை பட்டறை வெல்டரிடம் விட்டோம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்ற வேண்டும். டீசல் டேங்கை இறக்கித் தூரமாக வைக்க வேண்டும். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம்; உள்ளே ஆவி இருக்கும்.

சேஸிஸில் ஒரு முக்கியமான பாடம். நல்லவேளையாக எங்களுடையதில் மேலோட்டமான துருதான். ஆனால் விரிசல் விட்ட சேஸிஸுக்கு ஒட்டுப் போடுவதைப் பட்டறையில் பார்த்தேன். ஒட்டுத் தகட்டைச் சதுரமாக வெட்டி, சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் அடித்தால், அந்தக் கோட்டின் ஓரத்திலேயே மறுபடி முறியும். சூட்டில் பலவீனமான இடமும், தகடு முடியும் இடமும் ஒரே கோட்டில் வந்துவிடுகிறதே! அதனால் தெரிந்த வெல்டர்கள் தகட்டை வைரம் மாதிரி சாய்சதுரமாக வெட்டுகிறார்கள். பாரம் படிப்படியாகக் கைமாறுகிறது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தில் வரும் ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் என்பது இதுதான்.

பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், தின்னர் துடைப்பு, பிரைமர், தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய பட்டி, தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, பெயிண்ட். தரையில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காதீர்கள். அவை தெரிந்தேதான் வைக்கப்பட்டிருக்கின்றன.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜீப் என்றால் பட்டாளத்துப் பச்சை அடிக்க எல்லாருக்கும் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 121-ஆம் விதிப்படி ஆலிவ் கிரீன் நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. வேறு நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். நாங்கள் பழைய வெள்ளையையே அடித்தோம்.

4. இன்ஜின்: கழற்றாமல் கேள்

"இறக்கிப் பாத்துருவோமா?" என்பது பட்டறையில் சாதாரணமாகக் கேட்கும் வார்த்தை. இன்ஜினை இறக்கினால் செலவும் இறங்கும். அதற்கு முன் இன்ஜின் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

புகையின் நிறம் முதல் சாட்சி. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல் ஆவி, அல்லது உள்ளே தண்ணீர். எங்கள் வண்டியில் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடித்தது, வெள்ளைப் புகை, பிறகு சரியாகிவிடும்.

இரண்டாவது சாட்சி காற்று. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து ஒரு ஹோஸ் கொண்டுவந்து, ஒவ்வொரு சிலிண்டராக, பிஸ்டன் மேலே வந்து வால்வு இரண்டும் மூடியிருக்கும் நிலையில், குறைந்த அழுத்தத்தில் காற்றை உள்ளே விட்டோம். இதற்கு முன் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். காற்று பிஸ்டனைத் தள்ளினால் இன்ஜின் சுற்றும், ஃபேன் பக்கம் கை இருக்கக் கூடாது. இப்போது காதை வையுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் தேய்மானம். சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எங்கள் நான்கு சிலிண்டரிலும் ஆயில் வாயில் மட்டும் லேசான சத்தம், அதுவும் நான்கிலும் ஒரே அளவு. வயசுக்குத் தகுந்த தேய்மானம். இறக்க வேண்டியதில்லை.

அப்படியானால் காலை ஸ்டார்ட்டிங் தொல்லை? இரவு நிறுத்தினால் டீசல் பைப்பில் காற்று புகுந்துவிடுகிறது. ஃபில்டர் மேலே இருந்த செப்பு வாஷர் தட்டையாகிப் போயிருந்தது. வெளியே டீசல் ஒழுகவில்லை. ஆனால் உள்ளே காற்று போனது. நான்கு புதிய வாஷர், ஃபில்டர் மாற்றம், காற்று எடுத்தல், வேலை செய்யாத ஒரு ஹீட்டர் பிளக்குக்கு மாற்று. அவ்வளவே. இன்ஜெக்டர்களை மட்டும் பம்ப் கடையில் கொடுத்துச் சோதித்தோம். எஃப்.ஐ. பம்ப்பை வீட்டில் பிரிக்கக் கூடாது. மைக்ரான் கணக்கில் பொருந்திய பாகங்கள், வாசல் மண்ணுக்கு ஒத்துவராது.

5. பிரேக்: இந்தக் கட்டுரையின் மையம்

போடிமெட்டுப் பாதையில் இறங்கும் வண்டிக்கு பிரேக் என்ன வேலை செய்கிறது? கணக்குப் போடுவோம். ஆளும் மூட்டையும் சேர்த்து வண்டி எடை 1500 கிலோ. இறங்கும் உயரம் 1000 மீட்டர். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 1500 × 9.8 × 1000 = 147 லட்சம் ஜூல். அதாவது 14.7 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் இது. ஒரு அண்டாத் தண்ணீர்! பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும் சிறு பங்கு போக, கிட்டத்தட்ட இவ்வளவும் நான்கு டிரம்முக்குள் போகும். இன்ஜினையும் வேலை வாங்கினால், அதாவது ஏறும் கியரிலேயே இறங்கினால், பெரும்பங்கை அது எடுத்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் அண்ணன்மார்கள் இந்த அண்டாவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சூட்டில் என்ன கெடுகிறது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றுவது பராமரிப்பு ஆகாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்ற வேண்டும்.

இப்போது எங்கள் வண்டியின் நோய். மிதித்தால் இடது பக்கம் இழுக்கிறது. இடது பக்கம் இழுத்தால் எல்லாரும் இடது பக்க பிரேக்கைத்தான் பார்ப்பார்கள். உண்மையில் குறை வலது பக்கத்தில். அங்கே பிடிக்காததால்தான் வண்டி இடது பக்கம் திரும்புகிறது. வலது பின் டிரம்மைத் திறந்தால் லைனிங் முழுக்க டிஃபரன்ஷியல் ஆயில். "மூணு தடவ சீல் மாத்தியாச்சு மாப்ள, மறுபடி மறுபடி கசியுது" என்றார் மாமா. ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டறையில் பணம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

சீல் புதிதாக இருந்தும் ஏன் கசிகிறது? மெக்கானிக் அண்ணன் ஆக்ஸில் குழாயின் மேலே தடவிப் பார்த்தார். அங்கே ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும், பிரீதர் என்பது. எங்களுடையதில் சேறு காய்ந்து கல்லாக அடைத்திருந்தது. இப்போது தெர்மல் பாடத்துக்கு வாருங்கள். காலையில் 30 டிகிரி. மலை ஏறி இறங்கியதும் ஆக்ஸில் உள்ளே 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 303-லிருந்து 363. மூடிய இடத்தில் அழுத்தமும் அதே விகிதத்தில், ஏறக்குறைய 20 சதவீதம், ஏறும். அந்தக் காற்றுக்குப் போக வழியில்லை. சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியேறுகிறது. வெளியேறும் இடம் பிரேக் டிரம்.

ஆக, ஒரு சின்னக் குழல் அடைத்ததால், மலை இறக்கத்தில், மிகவும் தேவையான நேரத்தில் ஒரு சக்கரத்தின் பிரேக் போய்க்கொண்டிருந்தது. அதே வண்டியில் அத்தையும் பிள்ளைகளும் வாராவாரம் வந்துபோனார்கள். பழுதை மாற்றுகிறோமா, பழுதின் காரணத்தை மாற்றுகிறோமா என்ற கேள்வி எனக்கு அன்றிலிருந்து மனதில் நிற்கிறது.

குழலைக் குத்திச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி மேலே தூக்கிக் கட்டினோம், சேறு படாமல். புது சீல். ஆயில் குடித்த லைனிங்கை எறிந்துவிட்டு இரண்டு பின் சக்கரத்துக்கும் ஜோடியாகப் புது லைனிங். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி இழுக்கும். டிரம்களை லேத்தில் கொடுத்து மிகக் குறைவாகக் கடைந்தோம். வீல் சிலிண்டர் கப், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் புதிது. காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

பழைய டிரம்மைத் திறக்கும்போது வரும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டி எறியுங்கள்.

பெடலைப் படிக்கும் முறை: மிதித்தால் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று. மிதித்தபடி பிடித்திருக்க மெதுவாக இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது. முதல் மிதியில் கீழே போய் இரண்டாவது மிதியில் மேலே நின்றால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தேவை.

"பூஸ்டர் மாட்டலாமா?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. பெட்ரோல் காரில் த்ராட்டில் மூடும்போது இன்லெட் மேனிஃபோல்டில் வெற்றிடம் கிடைக்கும். பூஸ்டர் அதில் வேலை செய்யும். டீசல் இன்ஜினில் த்ராட்டில் இல்லை, வெற்றிடமும் இல்லை. தனி வாக்குவம் பம்ப் வேண்டும். மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு ஹோஸ் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இருக்கிற பிரேக் சரியாக வேலை செய்தபின் மிதித்துப் பார்த்த மாமா, "இதுவே போதும்டா" என்று சொல்லிவிட்டார்.

6. கமான் பட்டையும் ஸ்டியரிங்கும்

பட்டைகளைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டு, உடைந்த ஒரு பட்டையை மாற்றி, புஷ் எல்லாம் புதிது போட்டோம். யூ போல்ட்டை மறுபடி உபயோகிக்கக் கூடாது. ஒரு முறை இழுபட்ட இரும்பு அது. ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்றபின்தான் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். 500 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டையும் இன்னொரு முறை பிடியுங்கள்.

முன் சக்கரம் நடுங்கினால் உடனே ஸ்டியரிங் டாம்பர் வாங்காதீர்கள். டயர் பேலன்ஸ், வீல் பேரிங், கிங் பின், டை ராட் முனை, ஸ்டியரிங் பாக்ஸ் என்று வரிசையாகப் பாருங்கள். இன்னொன்று: இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போட்டால், திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் போகவேண்டிய சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து, பல்சக்கரங்கள் முறுக்கேறும். சேற்றிலும் சரளையிலும் மட்டும் போடுங்கள்.

7. ஹெட்லைட்: ஓம் விதி

பல்பு மாற்றியும் வெளிச்சம் இல்லை. மல்டி மீட்டரில் பேட்டரியில் 12 வோல்ட், பல்பு முனையில் 10. இரண்டு வோல்ட் எங்கே போனது? இரண்டு 60 வாட் பல்பு சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய ஒயர், ஸ்விட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் இருந்தால் 10 × 0.2 = 2 வோல்ட். வோல்ட் குறைவது ஆறில் ஒரு பங்குதான். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு பல மடங்கு வேகமாகக் குறையும். ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். மேலும் பெரிய வாட் பல்பு போடுவது நெருப்புக்கு அழைப்பு. இரண்டு ரிலே, ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், சுரண்டிச் சுத்தம் செய்த எர்த். எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பன் ஒருவன் அரை நாளில் முடித்துக் கொடுத்தான். எங்கள் மொத்தத் திட்டத்தில் குறைந்த செலவில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

8. மாற்றம் செய்யலாமா?

மாமா மகனுக்கு ஒரே ஆசை: பெரிய டயர், உயர்த்திய வண்டி, முன்னால் இரும்பு பம்பர். "அண்ணே, சினிமால வர்ற மாதிரி பண்ணுவோம்ணே!" அவனுக்குச் சொன்ன கணக்கை இங்கே சொல்கிறேன்.

பழைய 6.00-16 டயரின் விட்டம் சுமார் 29 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால் வண்டி உயர்வது ஒரு அங்குலம்தான். ஆனால் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 64. ஏற்றத்தில் இழுவை ஏறக்குறைய அதே அளவு குறையும். பிரேக் டிரம் அதே டிரம்தான். நெம்புகோல் நீளமானதால் ரோட்டில் பிடிக்கும் விசையும் குறையும். 62 குதிரைத் திறன் இன்ஜினுக்கு இது சின்ன விஷயமில்லை.

உயர்த்துவது இதைவிட மோசம். சக்கர இடைவெளி 1.22 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 0.65 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியை இரு மடங்கு உயரத்தால் வகுத்தால் 0.94. எடை மையம் 10 செ.மீ. உயர்ந்தால் அது 0.81. இந்த எண் குறையக் குறைய வளைவில் வண்டி கவிழ்வது எளிதாகும். கொண்டை ஊசி வளைவில் தினமும் போகிற வண்டிக்கு இது வேண்டாத விளையாட்டு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மேல் மோதினால் அந்த இரும்பு அவரை மன்னிக்காது.

அப்படியானால் பழைய வண்டியில் எதையுமே சேர்க்கக் கூடாதா? சேர்த்தோம். சேஸிஸோடு தகடு வைத்துப் பிடித்த நல்ல சீட் பெல்ட், ஹெட்லைட் ரிலே, பிரீதர் ஹோஸ், தீயணைப்பு சிலிண்டர், சேற்றில் இழுக்கச் சரியான கொக்கி. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு நல்ல கேன்வாஸ் டாப் தைத்ததும் சமாதானமாகிவிட்டான்.

9. பலன்

2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய தனியார் காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. இதைக் கட்டி, வண்டியைக் காட்டினோம். அதிகாரி பிரேக் பார்த்தார், லைட் பார்த்தார், சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்.

செலவில் பாதிக்கு மேல் பிரேக், டயர், பட்டை. கால்வாசி தகடும் பெயிண்டும். மிச்சம் இன்ஜின், ஒயரிங். கூலியில் பெரும்பகுதி நாங்களே பார்த்ததால் மிஞ்சியது. மாமா கணக்கு நோட்டை அத்தையிடம் காட்டியபோது அவர், "வண்டிய விடு, இவன் ஒழுங்கா ஒரு வேல கத்துக்கிட்டான்ல, அது போதும்" என்றார்.

முடிவுரை

நண்பர்களே, எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேஸிஸ் உளுத்துப்போன வண்டியைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்; அதில் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஆனால் அந்த முடிவைச் சுத்தியலும் மீட்டரும் கணக்கும் வைத்து எடுங்கள். ஆசையாலோ சலிப்பாலோ எடுக்காதீர்கள்.

உங்கள் தெருவிலும் ஒரு பழைய ஜீப்போ, டிராக்டரோ, ஸ்கூட்டரோ நின்றுகொண்டிருக்கும். இந்த விடுமுறையில் ஒரு நோட்டும் ஒரு செட் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். பக்கத்துப் பட்டறை அண்ணனைக் கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்தது நம் புத்தகத்தில் இல்லை. நம் புத்தகத்தில் இருப்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. இரண்டும் ஒரு வண்டிக்கு அடியில் சந்தித்தால் நல்ல டிப்ளமோக்காரன் உருவாவான். முதலில் பிரேக்கைப் பாருங்கள். பெயிண்ட் பிறகு.